கதிரவன் உதிக்காத கதைகள்

என் மகள் ஏழு வயதில் எழுதிய முதல் கதையைக் கெடுத்தவள் நான்தான். இதை யாரும் என்மேல் பழியாகப் போடவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பாராட்டத்தான் செய்தார்கள். கெடுத்தது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவளும்.

அன்று சனிக்கிழமை. சமையலறையில் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி கம்பெனியில் எனக்குக் கிராணி வேலை, அலுவலக எழுத்து வேலைதான். அங்கே வீணாகிற கணினித் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் ஒன்றை எடுத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் என்னவோ எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் ஓடிவந்து, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் தாளை நீட்டினாள். பல்லியை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிச்சாக் என்றுதான் சொல்லும். கதை அதைப் பற்றியது.

"சிச்சாக் லேட்டா எந்திரிச்சிச்சி. அம்மா கத்துனாங்க. ஸ்கூல் பஸ் வந்திருச்சி. சிச்சாக் வால கழட்டி வச்சிட்டு ஓடிருச்சி. அம்மா வாலப் பாத்து இன்னும் கத்துறாங்க."

இப்போது நினைத்தால் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை. 'எந்திரிச்சிச்சி' என்ற சொல்தான் கண்ணில் பட்டது. அடுப்பை அணைத்தேன், கையைத் துடைத்தேன், அழிப்பானை எடுத்தேன். "கதைன்னா இப்பிடி எழுதக் கூடாதும்மா, அம்மா சொல்லித் தரேன் பாரு" என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஐந்து வரியையும் அழித்தேன். அழித்த இடத்தில் என் கையால் எழுதினேன்: 'அழகிய காலைப் பொழுது. கதிரவன் தன் பொற்கதிர்களைப் பூமியெங்கும் பரப்பினான். பறவைகள் கீச்சு கீச்சென இன்னிசை பாடின.' பல்லி வருவதற்குள் பக்கம் முடிந்துவிட்டது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் படித்தவள். எங்களுக்குக் கட்டுரை என்றால் மனப்பாடம். இருபது மாதிரிக் கட்டுரைகளை ஆசிரியர் கொடுத்துவிடுவார், சோதனையில் எது வந்தாலும் அந்த இருபதில் ஒன்றை வளைத்து நுழைக்க வேண்டும். தலைப்பு எதுவானாலும் முதல் பத்தியில் கதிரவன் உதித்தாக வேண்டும். அதற்குப் பிறகு நாலு மரபுத்தொடர், இரண்டு இணைமொழி. இதில் நான் கெட்டிக்காரி. ஒருமுறை இரவில் திருடன் புகுந்த கதை கேட்டிருந்தார்கள். முதலில் கதிரவனை உதிக்க வைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே அவசர அவசரமாக மறைய வைத்தேன். வகுப்பில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். தமிழில் எனக்கு விழுந்த 'ஏ' கிரேடைச் சொல்லித்தான் என் அப்பா தோட்டம் முழுக்கப் பெருமையடித்தார். நல்ல தமிழ் என்றால் அதுதான் என்று என் மண்டைக்குள் அடித்து இறக்கியிருந்தார்கள்.

எழுதியதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'என் மகளின் முதல் கதை' என்று தலைப்பு வேறு. காம்பாரிலிருந்து என் அண்ணன் கைதட்டல் அனுப்பினான். 'தாயைப் போலப் பிள்ளை' என்று நாத்தனார் எழுதினாள். நான் கைப்பேசியை மகளிடம் காட்டினேன். "பாத்தியா, எல்லாரும் உன் கதையப் பாராட்டுறாங்க."

அவள் திரையைப் பார்த்தாள். "இது என் கதை இல்ல. இதுல சிச்சாக்கே இல்ல" என்றாள். அழவில்லை. பென்சிலை டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போய்த் தொலைக்காட்சி பார்க்க உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் எழுதவில்லை. முதலில் நான் கவனிக்கவே இல்லை. இரண்டு மாதம் போன பிறகுதான் உறைத்தது.

எழுதாதது கூடப் பெரிதில்லை. சொல்வதும் நின்றிருந்தது, என்னிடம் மட்டும்.

என் கணவர் ஈப்போவிலிருந்து துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவுவார். அவள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு அவருக்குக் கதை சொல்வாள். எங்கள் தாமான் குடியிருப்பின் முக்கு வீட்டு நாய்க்குக் கல்யாணம், பள்ளிப் பேருந்துக்கு வயிற்றுவலி, இப்படி. ஒருநாள் நான் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் பாதிக் கல்யாணத்தில் நிறுத்திவிட்டாள். "சொல்லு, அம்மாவும் கேக்குறேன்" என்றேன். "முடிஞ்சிருச்சி" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன், நாய் கல்யாணம் மறுபடி தொடங்கியது.

எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் நான், சோறு ஊட்டுகிறவள் நான், காய்ச்சல் வந்தால் விழித்திருக்கிறவள் நான். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்கிற மனுஷருக்குக் கதை, எனக்கு 'முடிஞ்சிருச்சி'. அவள் உள்ளே போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குறா? நீங்க என்ன சொக்குப்பொடி போட்டீங்க?"

"ஒண்ணும் போடலலா. நான் சும்மா கேக்குறேன். நீ திருத்துவே."

"திருத்துனா தப்பா? நல்லதுக்குத்தானே?"

"எனக்கு ஆறாம் ஆண்டுல தமிழ் பாஸே ஆகல. எனக்குத் திருத்தத் தெரியாது" என்று சொல்லிச் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்தார். கோபத்தில் தேநீரை நானே குடித்துவிட்டு உள்ளே வந்தேன்.

எனக்கு ஒரு குணம். தோற்றால் தூக்கம் வராது. இந்தப் பிள்ளை எனக்கு ஒரு கதை சொல்லாமல் நான் விடப்போவதில்லை என்று முடிவு கட்டினேன். கட்டியது சரி, போன வழிதான் கோணல். மறுவாரம் ஈப்போவுக்குப் போய் ஒற்றைக்கொம்புக் குதிரை போட்ட பளபளப்பான நோட்டு, வாசனைப் பென்சில், நட்சத்திர ஒட்டிகள் வாங்கிவந்தேன். குளிர்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டினேன்: கதை நேரம், ஆறிலிருந்து ஆறரை. பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஐஸ்கிரீம்.

முதல் நாள் சரியாக ஆறு மணிக்கு உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் நோட்டை என்னிடம் நீட்டினாள். 'அழகிய காலைப் பொழுது. கதிரவன் தன் பொற்கதிர்களை...' ஒரு பிழை இல்லை. மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே கதிரவன், அதே பறவைகள். "நட்சத்திரம்" என்று கையை நீட்டினாள். ஒட்டினேன். வேறு என்ன செய்வது? நான் கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறாள். பத்தாம் நாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்டவணையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு நான் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை உலுக்கியது வீட்டில் நடந்த எதுவும் இல்லை, அலுவலகத்தில் நடந்தது. எங்கள் கம்பெனி ஓட்டுநர்களில் ஒரு அண்ணனுக்கு எழுத வராது. கோப்பெங்கில் லோரியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு கடையின் இரும்புக் கதவில் இடித்துவிட்டார். முதலாளி தவுக்கேவுக்கு மலாயில் அறிக்கை கொடுக்க வேண்டும். இந்த மாதிரி அறிக்கைகளை எல்லாருக்கும் நான்தான் எழுதித் தருவேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்துப் படித்து, தமிழிலும் சொன்னேன். 'அன்று கனத்த மழை பெய்துகொண்டிருந்தது' என்பது முதல் வரி.

"மழையே பெய்யலையேம்மா" என்றார்.

"அப்பிடி ஆரம்பிச்சாத்தாண்ணே நல்லா இருக்கும். தவுக்கேவும் கொஞ்சம் எரக்கப்படுவாரு."

"நல்லா இருக்கறது இருக்கட்டும்லா. நாளைக்கு அவரு என்னைக் கூப்பிட்டு எவ்ளோ மழைன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? இடிச்சது நானும்மா. நான் சொன்னத எழுதிக் குடுங்க. இல்லன்னா உங்க பேரப் போட்டு நீங்களே குடுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வேறு தாள் எடுத்தேன். வெயில் அடித்தது, கண்ணாடியில் பார்த்தேன், கதவு தெரியவில்லை, இடித்தேன். அவர் சொன்னது அவ்வளவுதான். அவ்வளவையும் அப்படியே எழுதினேன். படித்துக் காட்டியபோது "ஆங், இதுதான்" என்று கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. ஊரான் ஒருவர் தன் வார்த்தையை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். என் வயிற்றில் பிறந்ததன் வார்த்தையை அழித்துவிட்டு நான் கைப்பேசியை அல்லவா காட்டினேன்?

அன்று சாயங்காலமே பழைய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் முன் உட்கார்ந்தேன். "நீ எழுத வேணாம். நீ சொல்லு, நான் எழுதுறேன். நீ சொல்றத மட்டும்தான் எழுதுவேன்."

சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

"அம்மா ஒரு கத்திரிக்கா."

எழுதினேன்.

"மூஞ்சி வீங்கிப்போன கத்திரிக்கா."

அதையும் எழுதினேன். என் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகு "முடிஞ்சிருச்சி" என்று சொல்லிவிட்டுத் தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். அடேயப்பா, எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! கத்திரிக்காயாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு நானே சில கட்டளைகள் போட்டுக்கொண்டேன். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன என்று வாய் திறக்கவே கூடாது. குழுவில் போடக் கூடாது. அவள் போதும் என்றால் போதும். சொல்வதற்குச் சுலபம். 'போயிருச்சி' என்று அவள் சொல்லும்போது 'போய்விட்டது' என்று எழுதத் துடிக்கிற கையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் பிடி நழுவியது. தவளை ஒன்று ஜாலியாகக் குளித்தது என்றாள், நான் 'மகிழ்ச்சியாக' என்று எழுதிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்பது அந்த நிமிடம் மறந்துபோனது. விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தாள். "நான் இத சொல்லல" என்று எழுந்து போனாள். அதோடு இரண்டு வாரம் கதை இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. மேசைக்கு மட்டும் வரவில்லை.

நான் விடவில்லை. அவள் வராவிட்டால் என்ன, நான் உட்காருகிறேன் என்று தினமும் ஆறு மணிக்குத் தாளோடு உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் மாதிரி இருக்குமே, எதையாவது எழுதலாம் என்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது வண்டவாளம். எனக்கு ஒரு வரி வரவில்லை. பேனாவை வைத்தாலே கதிரவன் உதிக்கிறான். அடித்தேன். பறவைகள் பாடுகின்றன. அதையும் அடித்தேன். முப்பத்தெட்டு வயது, தமிழில் 'ஏ', சொந்தமாகச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. பயமாக இருந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒருவழியாக இப்படி எழுதினேன்: 'இன்னிக்கு ஆபீஸ்ல மீ கோரேங் சாப்பிட்டேன். உப்பு பத்தல. பக்கத்து மேசை அக்காகிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சி.'

எப்போது வந்து நின்றாளோ தெரியாது. தோளுக்கு மேலிருந்து வாசித்தாள். "உப்பு கேக்க என்னாத்துக்கு வெக்கம்?" என்றாள்.

"தெரியல."

"நான்னா கேட்டுருவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தாளில் பாதியைக் கிழித்து எடுத்தாள். அவள் கையை வைத்து மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வாரத்தில் நாலைந்து நாளாவது அப்படி நடந்தது.

எழுதியதை எனக்குக் காட்டுவாள் என்று நினைத்தேன். ஊஹூம். தாள்களை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய புத்தகங்களாகச் செய்தாள். அவை அவளுடைய பிஸ்கட் டின்னுக்குள் போயின. அப்பா வந்தால் டின் திறக்கும். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் டின் என் கண்ணெதிரே அலமாரியில் இருக்கும். திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அவளுக்குத் தெரியவும் போகாது. எத்தனை நாள் அதன் தூசியைத் துடைத்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறேன்! எழுதுகிறாளே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போதவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது போதவில்லை. அவள் வாயால் எனக்கென்று ஒரு கதை வேண்டியிருந்தது.

இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் தமிழ்ச் சோதனை நடந்தது. திருத்திய தாளைப் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். அவள் வழக்கமாக அப்பாவிடம்தான் வாங்குவாள். அந்த வாரம் அவர் ஜொகூருக்குப் போயிருந்தார். இரண்டு நாள் தள்ளிப் போட்டாள். மூன்றாம் நாள் பள்ளி விட்டு வந்ததும் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாள். தாளை நாலாக மடித்து, கையெழுத்துக் கோடு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இங்க போடுங்க."

எந்தத் தாய்க்குத்தான் கை பரபரக்காது? நான் பேனாவை எடுத்துக் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டேன். மூடியைப் போட்டு மூடினேன். அவள் நகரவில்லை.

"பாக்கலையா?"

"நீ காட்டுனா பாக்குறேன்."

கொஞ்ச நேரம் தாளின் முனையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக விரித்து மேசையில் வைத்தாள்.

படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்லியிருந்தார்கள். கோத்தோங் ரோயோங் படம். எங்கள் பள்ளிகளில் இந்தப் படம் இல்லாத சோதனை கிடையாது. தாமான்காரர்கள் எல்லாரும் சேர்ந்து புல் வெட்டுவார்கள், கால்வாய் சுத்தம் செய்வார்கள், குப்பை அள்ளுவார்கள். கடைசியில் சுற்றுப்புறம் தூய்மையாகும், அனைவரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் இருபதுக்கு ஒன்பது. பக்கம் முழுக்க அடிக்கோடுகள். 'படத்தை ஒட்டி எழுதவும், பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்' என்று ஆசிரியை எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அந்த ஒன்பதைப் பார்த்ததும் என் பழைய ரத்தம் கொதித்தது, பொய் சொல்ல மாட்டேன். இருபதில் ஒன்பதா, என் பிள்ளையா! காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து வாசித்தேன்.

'எல்லாரும் புல்லு வெட்டுறாங்க. ஒரு மாமா கையில மட்டும் ஒண்ணும் இல்ல. அவரு வேல செய்ய வரல. அவரு ஒண்ணு சொல்ல வந்தாரு. புல்லு மெஷின் சத்தமா இருக்கு. அவரு அந்தப் பாட்டிகிட்ட போனாரு, பாட்டி குப்ப அள்ளுறாங்க. அந்த அண்ணன்கிட்ட போனாரு, அண்ணன் அப்பறம் அப்பறம்னு சொன்னாரு. மாமா அப்பிடியே நிக்கிறாரு. அவரு சொல்ல வந்தது'

அதோடு நின்றிருந்தது. நேரம் முடிந்து தாளை வாங்கிவிட்டார்களாம்.

படத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தேன். இருந்தார். வலது பக்கம், மரத்தடியில், கையில் துடைப்பமோ கூடையோ எதுவும் இல்லாமல் ஒரு ஆள். வரைந்தவருக்கு அவர் கையில் எதையாவது வைக்க மறந்துபோயிருக்கும். வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் புல் வெட்டியபோது, என் மகள் ஒருத்திதான் அவரைப் பார்த்திருக்கிறாள்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"அந்த மாமா என்னதாம்மா சொல்ல வந்தாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். சோதிக்கிற பார்வை. நான் நின்ற வாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு கையில் பேனா, அடுப்பில் குழம்பு. அவள் அடுப்படிக்குப் போய் எட்டித் தீயைக் குறைத்தாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா" என்றாள். "இது ரொம்ப நீளம்."